இனிப்பு நீரும் மெலடோனினும்: இரவுச் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் நடுவே மூன்று மணி நேரம்

தூக்கத்துக்கான மாத்திரை என்று பேர் எடுத்த மெலடோனின், இப்போது "இனிப்பு நீருக்கும் நல்லது, ஆன்டிஆக்சிடன்ட்" என்ற செய்தியோடு புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றிக்கொண்டிருக்கிறது. இனிப்பு நீர் என்பது நீரிழிவு; ஆன்டிஆக்சிடன்ட் என்பது உயிரணுக்களைக் கெடுக்கும் நிலையற்ற மூலக்கூறுகளை அடக்கும் பொருள். செய்தியில் பாதி உண்மை. ஆய்வுக்கூடத்தில் மெலடோனின் வலுவான ஆன்டிஆக்சிடன்ட்தான். ஆனால் அதே மெலடோனின் கணையத்தைப் பார்த்து "இன்சுலினைக் குறை" என்றும் சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியைச் சொல்லாமல் மாத்திரையை மட்டும் பரிந்துரைத்தால், சாப்பிட்டு முடித்த கையோடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு காலையில் சீனி ஏறியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டியதுதான்.

மலேசியாவில் 2019-ல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது, 2023-ல் 15.6 விழுக்காடு. இரண்டு முறையும் இந்தியர்களிடமே அதிகம். ஆகவே இது நம் வீட்டு விஷயம். உங்கள் உடல் தானே சுரக்கும் மெலடோனினைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, அதற்குச் செலவும் இல்லை. மாத்திரை அதற்குப் பிறகு, தேவைப்பட்டால் மட்டும், சாப்பாட்டிலிருந்து விலக்கி, சீனியை அளந்து பார்த்துக்கொண்டு.

உள்ளே என்ன நடக்கிறது

இரத்தத்தில் குளுக்கோஸ் கூடும்போது, உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா அளவுக்கு மீறி எரிபொருளை எரிக்கிறது. அப்போது சூப்பராக்சைடு என்ற தனி உறுப்பு (ஃப்ரீ ராடிகல், அருகில் உள்ளதைத் தாக்கும் நிலையற்ற மூலக்கூறு) மிகையாக உருவாகிறது. ஆய்வாளர் மைக்கேல் பிரவுன்லி 2001-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, கண், சிறுநீரகம், நரம்பு மூன்றிலும் வரும் பாதிப்புகளுக்கு இந்த மிகை உற்பத்தி ஒன்றையே பொது வேராகக் காட்டியது. சூப்பராக்சைடு கூடினால் குளுக்கோஸை உடைக்கும் பாதையில் ஒரு நொதி முடங்குகிறது. தேங்கிய பொருள்கள் வேறு நான்கு பாதைகளில் திரும்பி, இரத்தக் குழாய்ச் சுவரைக் கெடுக்கின்றன. இன்சுலின் சுரக்கும் பீட்டா உயிரணுக்களுக்கு இன்னும் மோசம். கேட்டலேஸ், குளுட்டாத்தயோன் பெராக்சிடேஸ் என்ற காவல் நொதிகள் அங்கே இயல்பிலேயே குறைவு.

மெலடோனின் இங்கே மூன்று விதத்தில் உதவக்கூடும். ஹைட்ராக்சில் போன்ற தனி உறுப்புகளை நேரடியாகப் பிடித்து அடக்குகிறது. அடக்கியபின் அது மாறும் பொருள்களும் அதே வேலையைத் தொடர்கின்றன. காவல் நொதிகளின் உற்பத்தியைத் தூண்டுகிறது. கொழுப்பிலும் நீரிலும் கலப்பதால் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளேயே போய்ச் சேர்கிறது. வைட்டமின் சி-யால் இப்படிச் சுலபமாகப் போக முடியாது.

அப்படியானால் தடை எங்கே? பீட்டா உயிரணுவின் மேல் மெலடோனினுக்கென்றே ஏற்பிகள் (அதன் கட்டளையை வாங்கும் புரதங்கள்) இருக்கின்றன. இரவில் நாம் சாப்பிடாமல் தூங்குவோம் என்று உடல் எதிர்பார்க்கிறது; சீனி தாழ்ந்துவிடாமல் இருக்க, மெலடோனின் அந்த ஏற்பி வழியாக இன்சுலின் சுரப்பை அடக்குகிறது. ஏற்பிக்கான மரபணுவில் ஒரு வகை உள்ளவர்களுக்கு இந்த அடக்கம் கூடுதல், காலை வெறும் வயிற்றுச் சீனியும் சற்று உயரம் என்று 2009-ல் தெரியவந்தது. அந்த வகை இந்திய வம்சாவளியினரிடமும் பரவலாகவே உள்ளது. உங்களுக்கு இருக்கிறதா என்று மரபணுப் பரிசோதனைக்கு ஓட வேண்டாம். விரல் நுனியில் குத்தும் கருவியே போதிய பதில் தரும். அதைப் பின்னால் பார்ப்போம்.

எலிக்குக் கொடுத்த அளவும் உங்கள் மாத்திரையும்

"மெலடோனின் இனிப்பு நீரின் பாதிப்பைத் தடுத்தது" என்று வரும் ஆய்வுகளில் பெரும்பாலானவை எலிகள்மேல் செய்தவை. வழக்கமான அளவு, ஒரு கிலோ எடைக்கு 10 மி.கி. எலியின் அளவை மனிதனுக்கு மாற்ற 6.2-ஆல் வகுப்பது மரபு: கிலோவுக்கு 1.6 மி.கி. 70 கிலோ எடையுள்ளவருக்கு 113 மி.கி. பார்மசியில் கிடைப்பது 2, 3, 5 மி.கி. என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். மேலும், அந்த எலிகளுக்கு ஸ்ட்ரெப்டோசோட்டோசின் என்ற இரசாயனத்தை ஊசியில் ஏற்றிக் கணையத்தை அழித்துத்தான் இனிப்பு நீரை வரவழைக்கிறார்கள். அந்த அழிவிலேயே தனி உறுப்புகளுக்குப் பங்கு உண்டு. ஆன்டிஆக்சிடன்ட் கொடுத்தால் பலன் தெரிவதில் வியப்பில்லை. பல ஆண்டுகளாக நாசி லெமாக்கும் உட்கார்ந்த வேலையுமாக வந்த இனிப்பு நீர் வேறு கதை.

மனிதர்களிடம் செய்த சோதனைகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. ஈரானில் இனிப்பு நீரும் இதய நோயும் உள்ள 60 பேரிடம் செய்த சோதனையில், தினமும் 10 மி.கி. வீதம் 12 வாரம் எடுத்தவர்களுக்குக் குளுட்டாத்தயோன் கூடியது, வெறும் வயிற்றுச் சீனி குறைந்தது. டென்மார்க்கில் 17 ஆண்களுக்கு அதே 10 மி.கி. மூன்று மாதம் கொடுத்தபோது, உடல் இன்சுலினுக்கு இணங்கும் திறன் சுமார் 12% குறைந்தது. தூக்கமில்லாத இனிப்பு நீர் நோயாளிகள் 36 பேரிடம் 2 மி.கி. நீடித்து வெளியாகும் மாத்திரையைச் சோதித்ததில் மூன்று வாரத்தில் சீனியில் மாற்றமில்லை. ஐந்து மாதம் தொடர்ந்தபின் எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் இரத்த அளவு) ஏறத்தாழ 9.1-லிருந்து 8.5-க்கு இறங்கியது. ஆனால் அந்த ஐந்து மாதமும் ஒப்பிடப் போலி மாத்திரைக் குழு இல்லை. தூக்கம் சீரானதால் சீனி இறங்கியிருக்கவும் கூடும்.

ஆன்டிஆக்சிடன்டை மாத்திரையாகக் கொடுத்தால் போதும் என்ற எண்ணம் ஏற்கெனவே ஒரு முறை அடிபட்டிருக்கிறது. தினமும் 400 ஐ.யூ. வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த ஹோப் ஆய்வு 2000-ல் வெளியானது. பங்கெடுத்தவர்களில் இனிப்பு நீர் உள்ளவர்கள் ஏராளம். மாரடைப்பு குறையவில்லை. ஆகவே "ஆன்டிஆக்சிடன்ட்" என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் மெலடோனின் வாங்குவதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. தூக்கம் வரவில்லை, நேரம் தவறி வருகிறது என்றால் அது வேறு, அதற்கு இடமுண்டு.

முதல் படி: வெளிச்சம்

பழகிய தூக்க நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே உடல் மெலடோனினைச் சுரக்கத் தொடங்கும், அறை இருட்டாக இருந்தால். சாதாரண வீட்டு வெளிச்சத்தை, 200 லக்ஸுக்கும் (வெளிச்சத்தின் அலகு) குறைவானதை, 116 பேரிடம் 2011-ல் சோதித்தபோது, மெலடோனின் சுரக்கும் நேரம் ஏறத்தாழ 90 நிமிடம் சுருங்கியது. கைப்பேசியையே எல்லாரும் திட்டுகிறார்கள். உண்மையில் கூடத்துக் கூரையில் எரியும் வெள்ளை எல்இடி கண்ணுக்கு அனுப்புவது அதைவிட அதிகம்.

நம் அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் மாட்டியிருப்பது 6500 கே. (கெல்வின், ஒளி நிறத்தின் அளவு; எண் கூடினால் நீலம் கூடும்) "டேலைட்" பல்பு. பெட்டியின் பக்கத்தில் எண் அச்சிட்டிருக்கும். படுக்கை அறையிலும், இரவு கடைசியாக உட்காரும் இடத்திலும் 2700 அல்லது 3000 கே. "வார்ம் ஒயிட்" மாற்றுங்கள். வீடு முழுக்க மாற்றத் தேவையில்லை. படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன் கூரை விளக்கை அணைத்து, இடுப்பு உயரத்துக்குக் கீழே ஒரு மேசை விளக்கை மட்டும் எரிய விடுங்கள். சாமி மேடையில் இரவெல்லாம் எரியும் சிறு சிவப்பு விளக்கால் பாதகமில்லை; வெளிச்சத்தை உணரும் கண்ணின் ஏற்பிகளைச் சிவப்பு அதிகம் தொடாது. நீலம் கலந்த வெள்ளையைத்தான் அவை பிடித்துக்கொள்கின்றன.

மாடி நடைபாதை விளக்கு சன்னல் வழியாக முகத்தில் விழுகிறது என்றால் கனத்த திரை போடலாம். ஆனால் காற்று அடைபட்டு வியர்த்தால் தூக்கம் இன்னும் கெடும். அந்த வீடுகளில் கண் பட்டி போதும். சிறுநீர் கழிக்க இரவில் எழுபவர்கள் குளியலறை விளக்கைப் போடாமல், தரையோரம் மங்கலான மஞ்சள் விளக்கு ஒன்றைச் செருகி வைத்துக்கொள்ளுங்கள். இரவில் இரண்டு மூன்று முறை எழ வேண்டியிருப்பதே சீனி கூடியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம்; அதை மெலடோனின் தீர்க்காது.

காலை வெளிச்சத்தில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. 1982 சனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா சூரியனைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் முந்திய கடிகாரத்தில் ஓடுகிறது. பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாகப் பகல் 1.20-க்கு. பொழுது புலர்வது ஏழை ஒட்டியோ ஏழரையை ஒட்டியோதான். அதனால் காலை ஆறு மணிக்கு நடக்கப் போகிறவருக்கு உடற்பயிற்சி கிடைக்கிறது, வெளிச்சம் கிடைப்பதில்லை. தித்திவங்சா ஏரியோ தண்ணீர்மலை தாவரவியல் பூங்காவோ, 7.30-க்கு மேல் 20, 30 நிமிடம், கறுப்புக் கண்ணாடி இல்லாமல் நடந்தால் உடல் கடிகாரம் முன்னால் நகரும். இரவில் மெலடோனின் நேரத்தோடு வரும். மேகமூட்டமான நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும், சமையலறையில் அதில் பத்தில் ஒரு பங்கும் தேறாது. வேலைக்கு ஆறரைக்கே கிளம்புகிறவர் பஸ் நிறுத்தத்திலிருந்து கடைசிப் பத்து நிமிடத்தை நடையாக்கலாம்.

இரண்டாம் படி: சாப்பாட்டை முன்னால் தள்ளுவது

ஸ்பெயினில் 845 பேரிடம் செய்த சோதனை 2022-ல் வெளியானது. அதே குளுக்கோஸ் பானத்தைத் தூக்கத்துக்கு நான்கு மணி நேரம் முன்பும், ஒரு மணி நேரம் முன்பும் குடிக்க வைத்தார்கள். பிந்திக் குடித்தபோது இரத்தத்தில் மெலடோனின் 3.5 மடங்கு, இன்சுலின் 6.7% குறைவு, குளுக்கோஸ் 8.3% கூடுதல். மாத்திரை எதுவும் போடாமலே இப்படி. மேலே சொன்ன மரபணு வகை உள்ளவர்களுக்கு அடி கூடுதலாக விழுந்தது.

இரவு பத்தரைக்கு நாசி கண்டாரும், பந்து பார்த்துக்கொண்டே மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் ஏன் காலைச் சீனியைக் கெடுக்கின்றன என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பதினோரு மணிக்குப் படுப்பவர் ஏழு, ஏழரைக்குள் சோற்றை முடிக்க வேண்டும். வேலை முடிந்து வீடு சேரவே எட்டாகிறது என்றால், ஆறு மணிக்கு வேலையிடத்திலேயே சப்பாத்தியோ கொண்டைக்கடலையோ மாவுச்சத்துப் பங்கைச் சாப்பிட்டுவிட்டு, வீட்டில் கறி, மீன், கீரை மட்டும் எடுப்பது நடைமுறைக்கு ஒத்து வரும். பந்து பார்க்க வெளியே போனால் பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்கைக் கூடத் தவிருங்கள். இரவுத் தேயிலை தூக்கத்தைத் தள்ளிப் போடும். வெந்நீர் கேட்டால் எந்தக் கடையிலும் தருவார்கள்.

இந்த இரண்டு படிகளையும் மூன்று வாரம் செய்து பார்த்த பிறகும் தூக்கம் திரும்பவில்லை என்றால்தான் மாத்திரைப் பேச்சு.

மாத்திரை வாங்கும் முன்

யாருக்கு வேண்டாம் என்பதை முதலில் சொல்லிவிடுவோம். கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், தன் உடலையே எதிர்க்கும் நோய் உள்ளவர்கள். வகை 1 இனிப்பு நீர் இந்தக் கடைசிப் பட்டியலில் வருகிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. குறட்டை பலமாக விட்டு, பகலில் தூங்கி விழுபவர்கள் முதலில் மூச்சுத்தடைப் பரிசோதனைக்குப் போகட்டும். இரவெல்லாம் ஆக்சிஜன் ஏறி இறங்குவதே ஆக்சிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது தனி உறுப்புகள் மிகையாவதை, கூட்டுகிறது. மாத்திரை அதை மூடி மறைக்கும், அவ்வளவுதான்.

மற்ற மருந்துகளோடு மோதல்: நிஃபெடிப்பின் என்ற இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு 5 மி.கி. மெலடோனின் கொடுத்தபோது இரத்த அழுத்தம் ஏறியது. இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவர்களுக்கு இரத்தப்போக்கு ஆபத்து. ஃபுளுவோக்சமின் மனநல மாத்திரை, மெலடோனினை உடைக்கும் நொதியைத் தடுத்து அதைப் பல மடங்கு தேக்கிவிடும், சேர்க்கவே கூடாது. சிப்ரோஃபிளாக்சசின் ஆன்டிபயோட்டிக்கும் அதே நொதியைத் தடுக்கும். புகைபிடித்தல் நேர்மாறு: மாத்திரை சீக்கிரம் கரைந்து போகும். அட்டெனோலோல், மெட்டோப்ரோலோல் என்ற இரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு உடல் சுரக்கும் மெலடோனினே குறையும். "அழுத்த மாத்திரை தொடங்கியதிலிருந்து தூக்கம் இல்லை" என்பவர்கள் இதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

வாங்கும்போது பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். மலேசியாவில் பதிவான மருந்தில் "எம்ஏஎல்" என்று தொடங்கி எட்டு இலக்கமும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். ஏ என்றால் கட்டுப்படுத்திய மருந்து, எக்ஸ் என்றால் மருத்துவர் சீட்டின்றி விற்பது, என் என்றால் சத்துணவு, டி என்றால் பாரம்பரிய மருந்து. ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். பெட்டியில் உள்ள எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் இணையத் தேடலில் தட்டிப் பாருங்கள். பெயர், தயாரிப்பாளர் இரண்டும் பொருந்த வேண்டும். "தூக்கத்துக்கு மூலிகை" என்று டி எண்ணில் வருவது மெலடோனின் இல்லை.

இணையக் கடையில் வெளிநாட்டுப் போத்தல் மலிவாகக் கிடைக்கும். அதில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. கனடாவில் 31 தயாரிப்புகளைச் சோதித்தபோது, எழுதியிருந்த அளவைவிட 83% குறைவாகவும் 478% கூடுதலாகவும் இருந்தன. எட்டில் செரொட்டோனின் கலந்திருந்தது. அமெரிக்காவில் 25 மெல்லும் மிட்டாய் வகைகளைப் பார்த்ததில் 22-ல் மேலே எழுதியிருந்த அளவு தப்பு. மிட்டாய் வகையில் சீனியும் சேர்கிறது, இனிப்பு நீர்க்காரருக்கு அது எதற்கு?

அளவு, நேரம்

மருத்துவரிடமோ பார்மசிஸ்டிடமோ உங்கள் முழு மருந்துப் பட்டியலைக் காட்டி ஒப்புதல் வாங்கியபின், குறைந்த அளவிலிருந்து தொடங்குங்கள். தூக்கம் கெட்ட முதியவர்களுக்கு 0.3 மி.கி.-யே நன்றாக வேலை செய்தது, 3 மி.கி. கொடுத்தபோது மறுநாள் பகலிலும் இரத்தத்தில் தங்கியது. கடையில் 0.3 கிடைப்பது அரிது. சாதாரண 3 மி.கி. மாத்திரையில் நடுக்கோடு இருந்தால் பாதியாக்கலாம். நீடித்து வெளியாகும் வகையை உடைக்கவோ பொடிக்கவோ மெல்லவோ கூடாது. உடைத்தால் எட்டு மணி நேரத்துக்கானது ஒரே மணியில் கொட்டிவிடும். ஐரோப்பாவில் 2007-ல் அனுமதி பெற்ற 2 மி.கி. வகை, 55 வயதைக் கடந்தவர்களுக்கு, படுப்பதற்கு ஒன்று இரண்டு மணி நேரம் முன், சாப்பாட்டுக்குப் பின், 13 வாரம் வரை என்று வகுத்திருக்கிறது.

"சாப்பாட்டுக்குப் பின்" என்பதைச் சாப்பிட்டவுடன் என்று எடுத்துக்கொள்வதில்தான் தவறு நேர்கிறது. ஸ்பெயினில் ஆரோக்கியமான 21 பெண்களுக்கு 5 மி.கி. கொடுத்துக் குளுக்கோஸ் குடிக்க வைத்தபோது, காலையிலும் மாலையிலும் சீனி கூடுதலாக ஏறியது. காலையில் இன்சுலின் குறைந்ததால், மாலையில் இருக்கும் இன்சுலினுக்கு உடல் இணங்காததால். ஆகவே கடைசி வாய் சோற்றுக்கும் மாத்திரைக்கும் குறைந்தது மூன்று மணி நேரம் விடுங்கள். ஏழரைக்குச் சாப்பாடு முடிந்தால் பத்தரைக்கு மாத்திரை, பதினொன்றரைக்குப் படுக்கை.

மறு முனையையும் கணக்கிட வேண்டும். சாதாரண மாத்திரை ஏறத்தாழ 45 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஐந்தரை மணி நேரத்தில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். நீடித்து வெளியாகும் வகை பாதியாகவே மூன்றரை, நான்கு மணி நேரம். அதை எடுப்பவர் காலை எட்டுக்கு முன் பசியாறாமல் இருப்பது நல்லது. நோன்புக் காலத்தில் இது இன்னும் முக்கியம்: நள்ளிரவுக்கு அந்த மாத்திரையைப் போட்டு, ஐந்து மணிக்குச் சஹருக்கு எழுந்து சோறு சாப்பிட்டால் இரண்டும் நேருக்கு நேர் மோதும். அந்த மாதம் மாத்திரையை நிறுத்துவதே எளிது.

மாத்திரை போட்டபின் மோட்டார் ஓட்ட வேண்டாம். மதுவோடு சேர்க்க வேண்டாம்.

ஒரு பெட்டி ஸ்டிரிப்பில் சோதித்துப் பார்ப்பது

சீனி அளக்கும் கருவியில் செருகும் 50 ஸ்டிரிப் கொண்ட ஒரு பெட்டி மூன்று வாரத்துக்குச் சரியாக வரும். முதல் வாரம் மாத்திரை இல்லாமல். அடுத்த இரண்டு வாரம் மாத்திரையோடு. தினமும் எழுந்தவுடன் வெறும் வயிற்றில் ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று: 42. வாரத்துக்கு இரண்டு நாள் பசியாறி இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று: 6. மீதி இரண்டு, பிழை காட்டினால் மாற்றுவதற்கு. சாப்பாட்டு நேரமும் மற்ற மருந்துகளும் மூன்று வாரமும் மாறக் கூடாது. திருமணம், தைப்பூசம், தீபாவளி வருகிற வாரத்தில் தொடங்காதீர்கள்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்த பிறகே குத்துங்கள். பப்பாளி வெட்டிய விரலில் ஒட்டிய சாறே அளவை எக்கச்சக்கமாக ஏற்றும். விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. ஸ்டிரிப் போத்தலின் மூடியை உடனே மூட வேண்டும், நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்து வைத்தவை கெட்டுப்போகும். மோட்டார் பெட்டியிலும் வெயிலில் நிற்கும் காடியிலும் வைப்பது அதைவிட மோசம்.

தரமான கருவியிலும் 15% வரை ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டது. அதனால் ஒரு நாள் 7.1, மறுநாள் 7.9 என்று பார்த்துப் பதற வேண்டாம். ஒவ்வொரு வாரத்தின் ஏழு காலை எண்களைக் கூட்டி ஏழால் வகுத்து, சராசரியை ஒப்பிடுங்கள். பொதுவான இலக்கு வெறும் வயிற்றில் 4.4 முதல் 7.0, சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 4.4 முதல் 8.5 மில்லிமோல். மாத்திரை வாரங்களின் காலைச் சராசரி முதல் வாரத்தைவிட 1.0-க்கு மேல் ஏறினால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. சராசரி மாறாமல் தூக்கம் மட்டும் சீரானால் மாத்திரை தன் வேலையைச் செய்கிறது.

இன்சுலினோ, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிக்லசைடு மாத்திரையோ எடுப்பவர்கள் இந்த வாரங்களில் படுக்கும் முன்னும் ஒன்று பார்க்க வேண்டும், அதற்குத் தனியாக ஸ்டிரிப் வாங்கிக்கொள்ளுங்கள். ஆழ்ந்த தூக்கத்தில் சீனி இறங்கும் நடுக்கமும் வியர்வையும் எழுப்பாமல் போகலாம். 3.9-க்குக் கீழ் என்றால் மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்து, சரியானபின்தான் படுக்கை.

இரவு ஷிஃப்ட்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு முழுக்க வெள்ளை வெளிச்சத்தில் நிற்பவர்களுக்கு இயற்கை மெலடோனின் அடங்கிப்போகிறது. வேலை முடிந்து ஏழரைக்குக் கடையில் நாசி லெமாக் சாப்பிட்டு, வீட்டுக்கு வந்ததும் மாத்திரை போட்டுத் தூங்குவது பலரின் வழக்கம். ஸ்பெயின் பெண்களிடம் காலையில் செய்த சோதனையை அப்படியே வீட்டில் நடத்துவதுபோல் இது. வரிசையை மாற்றுங்கள்: முக்கியச் சாப்பாட்டை அதிகாலை நான்கு மணி இடைவேளைக்குள் முடித்து, வெளியேறும்போது கறுப்புக் கண்ணாடி போட்டு, வீட்டில் தண்ணீர் மட்டும் குடித்துப் படுங்கள். பசி தாங்காவிட்டால் ஒரு அவித்த முட்டை. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறுபவர்களுக்கு மெலடோனின் மாத்திரை பெரும்பாலும் குழப்பத்தையே கூட்டும். மருத்துவர் நேரம் குறித்துக் கொடுக்காமல் தொடங்க வேண்டாம்.

"ஆக்சிஜனேற்ற அழுத்தப் பரிசோதனை" செய்யலாமா

சில தனியார் கூடங்கள் எம்டிஏ (கொழுப்பு ஆக்சிஜனேற்றத்தில் சிதையும்போது உண்டாகும் பொருள்), மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன் என்று பட்டியலிட்டு விற்கின்றன. மாதிரியை எடுத்த விதம், வைத்திருந்த நேரம், முந்திய நாள் சாப்பிட்டது எல்லாம் அந்த எண்ணை அசைக்கும். வந்த எண்ணை வைத்து உங்கள் மருந்தை மாற்ற எந்த மருத்துவருக்கும் வழி இல்லை. அந்தப் பணத்தில் ஸ்டிரிப் வாங்கலாம். ஆக்சிஜனேற்ற அழுத்தம் செய்த சேதத்தைக் காட்டும் பரிசோதனைகள் அரசாங்க கிளினிக்கிலேயே உண்டு: ஆண்டுக்கு ஒரு முறை சிறுநீரில் அல்புமின், கண் விழித்திரைப் படம், பாத நரம்புச் சோதனை. எச்பிஏ1சி மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தலசீமியா கடத்தியாகவோ இரத்தசோகையோடோ இருந்தால் எச்பிஏ1சி பொய் சொல்லும், அதை இரத்தம் எடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அடுத்த அப்பாயின்மெண்டுக்குப் போகும்போது மாத்திரைப் பெட்டியையும் மூன்று வாரச் சராசரி எழுதிய தாளையும் கையோடு எடுத்துப் போங்கள். பெட்டியின் பெயரைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள்.